தார்ப்பாதைக்குக் கீழே

சிகாகோ நகரின் லேக்ஃப்ரன்ட் டிரெயில் என்ற ஏரிக்கரைப் பாதை 18.5 மைல் நீளம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வடக்கே ஆர்ட்மோர் அவென்யூவில் தொடங்கித் தெற்கே 71-ஆம் தெருவில் முடிகிறது. ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி. மறுபக்கம், பெரும்பாலான இடங்களில், லேக் ஷோர் டிரைவ் என்ற விரைவுச் சாலை. கோடையின் நெரிசலான நாளில் நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் செல்பவர் எனப் பல பத்தாயிரம் பேர் இந்தப் பாதையில் இருப்பார்கள்.

2016 டிசம்பரில் முதலீட்டு நிறுவன அதிபர் கென் கிரிஃபின் இந்தப் பாதைக்கு 1.2 கோடி டாலர் நன்கொடை அறிவித்தார். சைக்கிள் வழியையும் நடைவழியையும் பிரிப்பது திட்டம். 2018 இறுதியில் பணி முடிந்தது. நேவி பியர் என்ற பொழுதுபோக்குத் துறைக்கு அருகே சாலைச் சந்திப்புகளுக்கு மேலாக ஒரு பாலம் கட்டும் பணி 2014-இல் தொடங்கி 2021 மே மாதத்தில் முடிந்தது. நீளம் சுமார் அரைக் கிலோமீட்டர். செலவு சுமார் 6.4 கோடி டாலர்.

இரண்டு பணிகளும் அவற்றின் நோக்கத்தை நிறைவேற்றின. சைக்கிள்களும் நடப்பவர்களும் மோதிக்கொள்வதற்கான வாய்ப்பு குறைந்தது. இரண்டும் பாதையின் மேற்பரப்பைப் பற்றியவை. பாதை எதன் மீது கிடக்கிறது என்பது அந்தத் திட்டங்களின் கேள்வி அல்ல.

நிரப்பிய நிலம்

பாதை கிடப்பது பெரும்பாலும் மனிதர் உண்டாக்கிய நிலத்தில். விவேகானந்தர் 1893-இல் உரையாற்றிய கட்டடம் மிச்சிகன் அவென்யூவின் கிழக்கு ஓரத்தில் இன்றும் நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏரியின் அலைகள் ஏறக்குறைய அந்தச் சாலையின் ஓரம் வரை வந்தன. இன்று அங்கிருந்து ஏரிக்கு நடக்கப் பல நிமிடம் ஆகும். இடையில் உள்ள கிராண்ட் பார்க், 1871-ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்த நகரத்தின் இடிபாடுகளும் பிற்காலத்தில் கொட்டப்பட்ட மண்ணும் சேர்ந்து உண்டானது. அதற்குத் தெற்கே உள்ள பர்னம் பார்க், 1920-களிலும் 1930-களிலும் ஏரியை நிரப்பி எடுத்த நிலம். வடக்கே லிங்கன் பார்க்கின் கிழக்குப் பகுதியும் அப்படியே.

நிரப்பிய நிலத்துக்கு இயற்கையான கரை கிடையாது. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு விளிம்பு கட்ட வேண்டும். சிகாகோவில் அந்த விளிம்பின் பெரும்பகுதி 1910-களுக்கும் 1930-களுக்கும் இடையே கட்டப்பட்டது. முறை இது: ஏரியின் தளத்தில் வரிசை வரிசையாக மர முளைகளை அடிப்பார்கள். வரிசைகளுக்கு இடையே கல்லை நிரப்புவார்கள். அதன் மேல் பெரிய சுண்ணாம்புக்கல் பாளங்களைப் படிபோல் அடுக்குவார்கள். இதைப் படிக்கல் கரை எனலாம். மக்கள் உட்கார்ந்து சூரிய உதயம் பார்ப்பது மேலே உள்ள பாளங்களில். அந்தப் பாளங்களை அதே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பது கீழே உள்ள மரம்.

நீருக்கு அடியில் இருக்கும் மரம் எளிதில் அழுகுவதில்லை. மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் தேவை. எப்போதும் மூழ்கியிருக்கும் முளைக்குள் அது போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே முளைகளின் தலை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை கட்டுமானம் நெடுநாள் நிற்கும். நீர்மட்டம் இறங்கி முளையின் தலை வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி உலரும். பூஞ்சை வேலை செய்யத் தொடங்கும்.

1964 மார்ச்சில் மிச்சிகன் ஏரி அதுவரை பதிவான மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. 2013 ஜனவரியில் அதையும் விட ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கீழே போனது. கடல் மட்டத்துக்கு மேல் 175.57 மீட்டர். இந்த இரண்டு காலங்களிலும் கரை அகன்று தெரிந்தது. மணற்பரப்பு கூடியது. அலை பாதையை எட்டுவது குறைந்தது. பார்ப்பவர்களுக்கு அவை பாதுகாப்பான ஆண்டுகள். முளைகளுக்கு அவை அழுகும் ஆண்டுகள்.

ஏரி மறுபடி உயரும்போது அழுகிய தலை மறுபடி நீருக்குள் போகிறது. இழந்த வலிமை திரும்புவதில்லை. சேதம் தாழ்ந்த நீரில் உண்டாகிறது. உயர்ந்த நீரில் வெளிப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் கழியலாம்.

குழாய் இல்லாத ஏரி

மிச்சிகன் ஏரிக்குக் கடலைப்போல் ஓதம் என்று சொல்லத்தக்க ஏற்ற இறக்கம் இல்லை. அதன் மட்டம் மாறுவது வேறு காரணங்களால். மேலே விழும் மழையும் பனியும் ஒன்று. சுற்றுப்புற நிலத்திலிருந்து ஓடிவரும் நீர் இரண்டு. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர் மூன்று. மட்டம் ஓர் ஆண்டுக்குள் சுமார் 30 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். கோடையில் உச்சம், குளிர்காலத்தில் தாழ்வு. இது வழக்கமானது. வழக்கம் அல்லாதது ஆண்டுகளைத் தாண்டிச் சேரும் வேறுபாடு.

நீரியல் கணக்கில் மிச்சிகன் ஏரியும் ஹூரான் ஏரியும் ஒரே ஏரி. மெக்கினாக் நீரிணை இரண்டையும் இணைக்கிறது, மட்டம் ஒன்றே. இரண்டும் சேர்ந்த பரப்பு சுமார் 1,17,000 சதுர கிலோமீட்டர். இந்தப் பரப்பில் 1 சென்டிமீட்டர் நீர் என்பது ஏறக்குறைய 1.17 லட்சம் கோடி லிட்டர்.

இந்த நீர் வெளியேறுவது ஹூரானின் தெற்கு முனையில் உள்ள செயின்ட் கிளேர் ஆற்றின் வழியாக. அங்கே அணை இல்லை, மதகு இல்லை. சிகாகோவில் ஒரு கால்வாய் உண்டு. 1900-இல் சிகாகோ ஆற்றின் ஓட்டத்தைத் திருப்பி, நகரின் கழிவு ஏரியில் கலக்காமல் மிசிசிப்பியின் பக்கம் போகும்படி செய்ததன் வழி அது. அந்த வழி உட்பட, ஏரியிலிருந்து சிகாகோ பக்கம் எடுக்கக்கூடிய மொத்த நீருக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல் வரம்பு விதித்தது: வினாடிக்கு 3,200 கன அடி. அந்த முழு அளவில் ஓர் ஆண்டு ஓடினால் வெளியேறும் நீர் ஏரியின் பரப்பில் சுமார் 2.4 சென்டிமீட்டர். ஏரி ஏறத் தொடங்கினால் அதை இறக்கும் கருவி எதுவும் கரையில் இருப்பவர் கையில் இல்லை.

1986 அக்டோபரில் ஏரி 177.50 மீட்டரை எட்டியது. 1918 முதல் உள்ள மாதாந்திரப் பதிவுகளில் அதுவே உச்சம். 2013 ஜனவரியின் தாழ்வுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 1.93 மீட்டர்.

2013-க்குப் பிறகு நடந்தது வேகமானது. 2013-14 குளிர்காலம் கடுமையாக இருந்தது. 2014 மார்ச்சில், மிச்சிகனும் ஹூரானும் அடங்கிய பேரேரிகளின் பரப்பில் 92 சதவீதத்துக்கு மேல் உறைந்தது. ஆவியாதல் மிகுதியாக நடப்பது கோடையில் அல்ல. இலையுதிர் காலத்திலும் முன்பனிக் காலத்திலும், வெதுவெதுப்பான நீரின் மேல் குளிர்ந்த வறண்ட காற்று கடக்கும்போது. குளிர்ந்துவிட்ட ஏரி குறைவாக ஆவியானது. மழை கூடியது. 2013 தொடங்கி இரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த ஏற்றம், அளவீட்டு வரலாற்றின் மிக வேகமான ஏற்றங்களில் ஒன்று. மழை மிகுந்த ஆண்டுகள் தொடர்ந்தன. 2020 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதங்கள், ஒவ்வொரு மாதமும் அந்தந்த மாதத்துக்கான பழைய உச்சத்தைத் தாண்டியது. 2020 ஜூலையில் மட்டம் 1986-இன் உச்சத்துக்குச் சில சென்டிமீட்டர்களே கீழே இருந்தது.

ஏழரை ஆண்டில் ஏற்றம் ஏறக்குறைய 1.9 மீட்டர்.

வெப்பமாகும் காற்று இந்தக் கணக்கின் இரண்டு பக்கங்களிலும் சேர்கிறது. வெப்பமான காற்று ஏரியிலிருந்து அதிக நீரை எடுக்கிறது. அதிக ஈரத்தைத் தாங்கி அதிக மழையாகவும் இறக்குகிறது. எந்தப் பக்கம் எந்த ஆண்டில் வெல்லும் என்பது மாறிக்கொண்டிருக்கும். சராசரி மாறாமலே இருக்கலாம். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே போகும் வேகம் மாறலாம்.

ஆழமும் அலையும்

ஏரி 1.9 மீட்டர் உயர்ந்தால் கரைச்சுவரின் மேல் விழும் அடி அந்த அளவுக்கு மட்டும் கூடுவதில்லை.

கரையை நோக்கி வரும் அலை ஆழம் குறையும்போது உடைகிறது. பொறியாளர்கள் கைக்கணக்காக எடுத்துக்கொள்ளும் விகிதம் 0.78: நீரின் ஆழத்தில் 78 சதவீதத்துக்கு மேல் உயரமுள்ள அலை அந்த இடத்தில் நிற்க முடியாது. 2 மீட்டர் ஆழத்தில் நிற்கக்கூடிய அலை சுமார் 1.56 மீட்டர். அதைவிடப் பெரிய அலைகள் தொலைவிலேயே உடைந்து வலுவிழக்கும். அதே இடத்தில் ஆழம் 3.9 மீட்டர் ஆனால் நிற்கக்கூடிய அலை சுமார் 3 மீட்டர். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் ஏறக்குறைய இரட்டித்தால் ஆற்றல் ஏறக்குறைய நான்கு மடங்கு.

2013 ஜனவரியில் 2 மீட்டர் ஆழமிருந்த ஓரிடம் 2020 ஜூலையில் 3.9 மீட்டர் ஆழமானது. இடையில் சுவர் மாறவில்லை. அதன் மரத்துக்கு வயது ஏழு கூடியிருந்தது.

பெரிய அலை உருவாகக் காற்று நெடுந்தொலைவு நீரின் மேல் வீச வேண்டும். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக ஏறக்குறைய 490 கிலோமீட்டர் நீளம். சிகாகோ அதன் தென்மேற்கு மூலைக்கு அருகே இருக்கிறது. வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசும் புயல் கிட்டத்தட்ட ஏரியின் முழு நீளத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது. அதே காற்று நீரைத் தெற்கே தள்ளி, கரையோரத்தில் மட்டத்தைச் சில மணி நேரத்துக்கு மேலும் உயர்த்துகிறது. மாதச் சராசரிப் பதிவுகளில் இந்தக் கூடுதல் உயரம் தெரியாது.

1987 பிப்ரவரி 8 அன்று அப்படி ஒரு புயல் வந்தது. ஏரி அதன் உச்ச மட்டத்தை எட்டி நான்கு மாதமே ஆகியிருந்தது. லேக் ஷோர் டிரைவில் நீர் ஏறியது. கரையோர அடுக்குமாடிக் கட்டடங்கள் சேதமடைந்தன. 2020 ஜனவரி 10, 11 தேதிகளில் மற்றொன்று வந்தது. அந்த ஜனவரி, பதிவுகளில் உள்ள மிக உயர்ந்த ஜனவரி. பாதையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. பாளங்கள் பெயர்ந்தன. சில பகுதிகள் மூடப்பட்டன. நகரத்தின் வடகோடியில் ரோஜர்ஸ் பார்க் பகுதியின் சிறிய மணற்கரைகள் சில கரைந்தே போயின. அங்கே அவசரமாகக் கற்பாறைகள் கொட்டப்பட்டன. பிப்ரவரியில் நகர மேயர் பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொன்றும் இல்லை: பனிக்கட்டி. கரையோரமாக உறையும் பனி ஒரு தற்காலிகத் தடுப்பு. அலை அதன் மேல் உடையும், சுவரைத் தொடாது. பேரேரிகளின் பனிப்பரப்பு ஆண்டு உச்சத்தில் சராசரியாக 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 2020-இல் அது 20 சதவீதத்தை எட்டவில்லை. வலுவான புயல்கள் வருவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். தடுப்பு இல்லாமல் போவதும் அதே மாதங்களில்.

பாதை உடையும் விதம்

அலை தார்ப்பாதையை மேலிருந்து அடித்து உடைப்பது உண்டு. அது உடனே தெரியும்; சரிசெய்வது எளிது. பொதுவாக நடப்பது வேறு.

முளையின் தலை அழுகுகிறது. முளைகளுக்கு இடையே இருந்த கல் சிறிது கீழே இறங்குகிறது. மேலே உள்ள பாளம் சாய்கிறது. பாளங்களுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாகிறது. அலை அதில் நுழைகிறது. உள்ளே போகும்போது நீர் அதிகம் எடுத்துச் செல்வதில்லை. திரும்பும்போது பின்னால் உள்ள மணலையும் நுண்மண்ணையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. இதற்கு உள்ளரிப்பு என்று பெயர்: மேற்பரப்பு அப்படியே இருக்க, உள்ளே மண் காலியாவது. ஒரு புயல் நாளில் இந்த ஏற்றமும் இறக்கமும் ஆயிரக்கணக்கான முறை நடக்கும்.

குளிர்காலம் இந்த வேலையைத் தொடர்கிறது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. விரிசலில் நின்ற நீர் அதை அகலமாக்குகிறது. சிகாகோவில் வெப்பநிலை ஒரு குளிர்காலத்தில் பல முறை பூஜ்யத்தைக் கடந்து போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் விரிசல் சிறிது அகல்கிறது.

இந்தக் கட்டத்தில் தார்ப்பாதைக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கிறது. தார் அதன் மேல் ஒரு பாலம்போல் கிடக்கிறது. நடப்பவரின் எடையை அது தாங்கும். சைக்கிளையும் தாங்கும். வெளியே தெரியும் அடையாளம் பாதையின் ஏரிப்பக்க விளிம்புக்கு இணையாக ஓடும் ஒரு விரிசல், அல்லது மழைநீர் தேங்கும் ஒரு சிறு பள்ளம். பராமரிப்பு ஊழியர்கள் அந்த விரிசலில் தார் ஊற்றுவார்கள், பள்ளத்தை நிரப்புவார்கள். பாதை மறுபடி சமமாகிறது. பதிவேட்டில் பழுது நீக்கப்பட்டது என்று எழுதப்படும். வெற்றிடம் வளர்கிறது. அடுத்த விரிசல் சற்று உள்ளே தள்ளித் தோன்றும்.

இதை நிறுத்தச் செய்ய வேண்டியது பொறியியலில் தெரிந்ததே. ஏரித்தளத்தில் சுவரின் அடிக்கால் அரிக்கப்படாமல் கனமான கல் இட வேண்டும். அதற்குப் பின்னால் பெரியதிலிருந்து சிறியதாக அளவு குறையும் கல் அடுக்குகள் வேண்டும். மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் வடிகட்டித் துணி வேண்டும். இதற்கு மேற்பரப்பைத் தோண்டி எடுக்க வேண்டும். பாதையை மாதக்கணக்கில் மூட வேண்டும். செலவு தார் போடும் கணக்குத் தலைப்பில் அடங்காது.

ஏரித்தளமும் நிலையானது அல்ல. சிகாகோ கரையோரத்தில் பல இடங்களில் மெல்லிய மணலுக்கு அடியில் இருப்பது பனியாறு விட்டுச் சென்ற களிமண். மணல் போனால் திரும்ப வரலாம். களிமண் அரிக்கப்பட்டால் திரும்ப வராது. கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்துகொண்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்துவிட்டன. மணல் மூடாத களிமண் தேய்கிறது. சுவருக்கு முன்னால் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால், மேலே சொன்ன கணக்கின்படி, ஏரி உயராத ஆண்டிலும் பெரிய அலை சுவரை எட்டும்.

வெயிலில் வந்த அலை

மெதுவான ஆபத்துகள் இவை. மிச்சிகன் ஏரிக்கு வேகமான ஆபத்து ஒன்றும் உண்டு.

ஏரியின் மேல் கடக்கும் திடீர்க் காற்றும் காற்றழுத்த மாற்றமும் நீரை ஒரு பக்கம் தள்ளும். தண்ணீர் நிறைந்த அண்டாவை அசைத்தால் நீர் எதிர்ப்பக்கம் போய் முட்டித் திரும்புவதுபோல், தள்ளப்பட்ட நீர் எதிர்க்கரையில் மோதித் திரும்பும். இதை ஏரியலைவு எனலாம். திரும்பி வரும்போது காற்று ஓய்ந்திருக்கும்.

1954 ஜூன் 26, சனிக்கிழமை. காலையில் ஒரு புயற்காற்று வரிசை சிகாகோவைக் கடந்து தென்கிழக்கே போனது. அது தள்ளிய நீர் இண்டியானா மாநிலத்தின் மிச்சிகன் சிட்டி கரையில் மோதித் திரும்பியது. சிகாகோவில் அப்போது வானம் தெளிந்திருந்தது. மான்ட்ரோஸ் துறைமுகத்தின் சுவரில் பலர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீர் ஏறக்குறைய 3 மீட்டர் வரை உயர்ந்தது. கரையோரத்தில் 8 பேர் இறந்தார்கள்.

அந்த நாளில் ஏரிக்கரைச் சுவர் உடையவில்லை. ஆபத்துக்கு அது உடைய வேண்டிய தேவை இருக்கவில்லை. மான்ட்ரோஸ் துறைமுகம் இன்றைய ஏரிக்கரைப் பாதைக்கு அருகிலேயே இருக்கிறது.

பாதைக்குப் பின்னால்

லேக்ஃப்ரன்ட் டிரெயில் ஒரு பொழுதுபோக்கு வசதியாகப் பட்டியலிடப்படுகிறது. இடத்தின்படி பார்த்தால் அது கரைச்சுவருக்கு அடுத்த வரிசை. அதற்கு அடுத்தது லேக் ஷோர் டிரைவ். அதன் வடபகுதியின் நெரிசலான இடங்களில் நாளொன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாகனங்கள் செல்கின்றன. அதற்கும் அடுத்தது குடியிருப்புகள்.

2011 பிப்ரவரி 1, 2 தேதிகளில் 54 சென்டிமீட்டர் பனி கொட்டியபோது அந்தச் சாலையில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் இரவில் சிக்கிக்கொண்டன. பனியோடு ஏரியின் நீரும் சாலையில் வீசியது. 2011, ஏரி தாழ்ந்திருந்த காலம். 2020-இன் மட்டத்தில் அந்தப் புயல் வரவில்லை.

உயர்ந்த ஏரியின் விளைவு கரையோடு நிற்பதும் இல்லை. பெருமழையில் சிகாகோ ஆறு நிரம்பினால், ஆற்றின் வாயில் உள்ள கதவுகளைத் திறந்து நீரை ஏரிக்குள் விடுவது நகரத்தின் கடைசி வழி. அதற்கு ஆற்றின் மட்டம் ஏரியைவிட உயரமாக இருக்க வேண்டும். 2020 மே 17 அன்று பெருமழை பெய்தது. ஏரி ஆற்றைவிட உயரமாக இருந்தது. கதவைத் திறந்தால் ஏரிதான் நகரத்துக்குள் வரும். ஆறு ஏரியின் மட்டத்தைத் தாண்டி உயரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் நகர மையத்தில் ஆற்றோரக் கீழ்ச்சாலைகளில் வெள்ளம் புகுந்தது. வில்லிஸ் டவரின் அடித்தளத்தில் நீர் ஏறி மின்சாரம் நின்றது. அமெரிக்காவின் மிக உயர்ந்த கட்டடங்களில் ஒன்று அது. ஏரியிலிருந்து அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது.

திட்டமும் காலமும்

1987 புயலுக்குப் பிறகு நகரம் ஓர் ஆணையம் அமைத்தது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நீர்வள மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் சிகாகோ கரைக்காப்புத் திட்டத்துக்கு அனுமதி தந்தது. வடக்கே வில்மெட் முதல் தெற்கே இண்டியானா எல்லை வரையிலான கரை, மதிப்பீடு 20.4 கோடி டாலர். அதில் 11 கோடி மத்திய அரசின் பங்கு. புயல் வந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. 1999-இல் ராணுவப் பொறியாளர் படையும் நகர நிர்வாகமும் பூங்கா நிர்வாகமும் ஒப்பந்தம் செய்தன. ராணுவப் பொறியாளர் படை என்பது அமெரிக்காவில் அணை, துறைமுகம், கரைக்காப்புப் பணிகளைச் செய்யும் மத்திய அமைப்பு. செலவு பின்னர் 30 கோடி டாலரைத் தாண்டியது.

பல மைல் நீளத்துக்கு மரமும் சுண்ணாம்புக்கல்லும் போய், எஃகுத் தகடுகளை அடித்து அதன் பின்னால் கான்கிரீட் படிகள் கட்டப்பட்டன. புதிய பகுதிகள் 2020 புயலைப் பழையவற்றைவிட நன்றாகத் தாங்கின. அவற்றுக்கும் விலை உண்டு. செங்குத்தான கான்கிரீட் அலையை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகிறது. திரும்பும் அலை சுவரின் அடியில் உள்ள தளத்தை அரிக்கிறது. எஃகு நீர்மட்டத்தை ஒட்டித் துருப்பிடிக்கிறது. இத்தகைய பணிகளுக்கு வழக்கமாகக் கணக்கிடும் ஆயுள் 50 ஆண்டு. முதலில் முடிந்த பகுதிகள் அதில் பாதியை நெருங்கிவிட்டன.

சில பகுதிகள் தொடப்படவே இல்லை. 54-ஆம் தெருவுக்கும் 57-ஆம் தெருவுக்கும் இடையே ஏரிக்குள் நீண்டிருக்கும் பிராமன்டரி பாயின்ட் அவற்றில் முக்கியமானது. நிலவடிவமைப்பாளர் ஆல்ஃபிரட் கால்ட்வெல் உருவாக்கிய பூங்கா, 1937-இல் திறந்தது. 2000-களின் தொடக்கத்தில் அங்கே சுண்ணாம்புக்கல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தது. அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். கல்லைக் காப்பாற்றியே பழுது பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். 2018-இல் அந்தப் பூங்கா தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2023-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆனது. கான்கிரீட் வரவில்லை. கல்லும் முழுமையாகப் பழுது பார்க்கப்படவில்லை. மரம் யாருடைய வாதத்துக்கும் காத்திருக்காமல் அழுகிக்கொண்டிருக்கிறது.

அதற்குச் சற்று வடக்கே 45-ஆம் தெருவுக்கும் 51-ஆம் தெருவுக்கும் இடையே உள்ள மார்கன் ஷோல் பகுதியும் இருபது ஆண்டுக்கு மேல் வரிசையில் நின்றது. 2020-இல் அங்கும் அவசரமாகக் கல் கொட்ட வேண்டி வந்தது. 2022-இல் முழுக் கரையையும் மறுபடி ஆராய மத்திய அரசு நிதி ஒதுக்கியது. 1996-இன் திட்டம் முடிவதற்கு முன்பே அதை மறுஆய்வு செய்யும் தேவை வந்துவிட்டது.

ஆய்வுக்கும் கட்டுமானத்துக்கும் ஏற்ற காலம் நீர் தாழ்ந்திருக்கும் காலம். அப்போது முளைகளின் தலையைப் பார்க்க முடியும்; சுவரின் அடியை எட்ட முடியும். நிதி கிடைப்பது பெரும்பாலும் நீர் உயர்ந்திருக்கும் காலத்தில். 1986-87 உச்சத்துக்குப் பிறகே 1996-இன் சட்டம்; 2020 உச்சத்துக்குப் பிறகே 2022-இன் ஆய்வு.

2025-இல் ஏரி நீண்ட காலச் சராசரிக்குக் கீழே இருந்தது. மணற்கரைகள் அகன்றன. பாதை உலர்ந்திருந்தது.

1964-இன் தாழ்விலிருந்து 1986-இன் உச்சத்துக்குப் போக ஏரி எடுத்துக்கொண்டது 22 ஆண்டு. 2013-இன் தாழ்விலிருந்து ஏறக்குறைய அதே உயரத்துக்குப் போக எடுத்துக்கொண்டது ஏழரை ஆண்டு. 1996-இல் அனுமதி பெற்ற திட்டம், அந்த ஏழரை ஆண்டு தொடங்கும்போது 17-ஆம் ஆண்டில் இருந்தது. அது கடந்த பிறகும் முடியவில்லை. ராணுவப் பொறியாளர் படை ஏரியின் மட்டத்துக்கு மாதந்தோறும் அதிகாரபூர்வ முன்கணிப்பு வெளியிடுகிறது. அது எட்டும் தூரம் ஆறு மாதம்.